கூதிர்க்காலக் கடற்கரையும் ஆற்றுப்படை நெறியும்

முன்னுரை

கடலில்லா நாட்டில் பிறந்தவர்க்குக் கடல்மேல் தனி வேட்கை உண்டு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மக்களாகிய நாம் ஏரியும் கிணறும் நம்பி, நெல்லும் மணிலாவும் விளைவித்து வாழ்பவர்கள். நம் கண்ணுக்கு அண்ணாமலை தெரியும், அலை தெரியாது. ஆகவே தீபாவளி விடுமுறையிலோ, கல்லூரிச் சுற்றுலாவிலோ, குடும்பத்தோடு செல்லும் பயணத்திலோ கடற்கரையை நாடுவது நம்மவர் வழக்கம். எங்கே தங்கலாம், எதைக் காணலாம், எதை உண்ணலாம் என்று கூறும் வழிகாட்டி ஏடுகளும் இன்று பெருகிவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசித் திங்களில் மாணவர் சிலருடன் மரக்காணம் வழியே சென்றோம். உப்பளங்கள் அனைத்தும் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. "இங்கே பார்க்க ஒன்றும் இல்லையே ஐயா" என்றார் மாணவர் ஒருவர். தேநீர்க் கடையோரம் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் அதைக் கேட்டு, "ஆமாம் தம்பி, எங்களுக்கும்தான் ஒண்ணும் இல்லை. தை பொறக்கணும்" என்றார். மாணவர் தலைகுனிந்தார், நாமும்தான். கண்டு மகிழச் சென்ற நமக்கு அந்த ஊரார் எக்காலத்தில் எப்படி வாழ்கின்றனர் என்பது தெரிந்திருக்கவில்லை. அன்று எழுந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து. விருந்தினனாகச் செல்பவன் எதைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும்? இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கியம் விடை வைத்திருக்கிறது. அதனை ஈண்டுக் காண்போம்.

ஆற்றுப்படை என்னும் வழிகாட்டி

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞரை அவ்வள்ளல்பால் செலுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்குரிய இத்துறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறுகிறது. பத்துப்பாட்டுள் செம்பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை.

இந்நூல்கள் பாடப்பட்ட நிலப்பரப்பில் நமக்கும் பங்கு உண்டு. 583 அடிகளையுடைய மலைபடுகடாம் நம் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படை நமக்குக் கிழக்கே ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுவது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. ஒன்று மலைக்கு வழிகாட்டுகிறது. மற்றொன்று கடற்கரையைத் தொட்டு வழிகாட்டுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது நம் ஊர்.

இவ்விலக்கியங்களைக் கூர்ந்து நோக்கினால் வழிகாட்டுபவனுக்குரிய நெறிகள் மூன்று புலப்படும். முதலாவது, வழியின் நன்மையோடு அதன் ஏதத்தையும் கூறுதல். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், குழிகளும் வழுக்கு நிலங்களும் பாம்புகளும் உள்ள இடங்களைச் சொல்லி, அங்கங்கே எப்படி நடக்க வேண்டும் என எச்சரிக்கிறார். இரண்டாவது, ஒவ்வொரு நிலத்தாரும் தத்தம் உழைப்பில் விளைந்ததையே விருந்தாக அளிப்பர் எனக் காட்டுதல். மூன்றாவது, நன்றி. ஆற்றுப்படுத்துபவன் தான் உண்ட சோற்றுக்குக் கடன்பட்டவன். தான் பெற்றதைப் பிறரும் பெறுக என்பதோடு, தனக்கு இட்டவரின் பெயர் விளங்குக என்பதும் அவன் உள்ளக் கிடக்கை.

இன்றைய சுற்றுலா ஏடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். அவை இடத்தைக் கூறுகின்றன. இடத்திற்கு உரியவரைக் கூறுவது அரிது.

கூதிரும் நெய்தலும்

மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று போற்றும் பருவத்தில் அவர்கள் நாட்டு மரங்கள் நிறம் மாறி இலையுதிர்க்கும். நம் நாட்டில் அதே திங்கள்களில் வானம் இறங்கி வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுதுப் பகுப்பு. அக்காலத்து மழையையும் வாடைக்காற்றையும் ஆயரும் கால்நடைகளும் நடுங்கும் நிலையையும் காட்டுவது நக்கீரர் பாடிய நெடுநல்வாடை.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. உள்நாட்டு உழவர்க்கு அது வாழ்வு. கடற்கரையார்க்கோ அதுவே கடல் சீறும் காலம். படகுகள் பல நாள் கரையேறிக் கிடக்கும், உப்பளம் ஓய்ந்துவிடும். ஆயினும் விழாக்களும் பறவைகளும் விருந்தினரும் மிகுதியாக வருவது இக்காலத்தில்தான். விருந்தளிக்கக் கை சுருங்கிய வேளையில் விருந்தினர் வருகின்றனர் என்பதே கூதிர்க்கால நெய்தலின் நிலை. இதனை மனத்திற்கொண்டு நம் வழியில் புறப்படுவோம்.

செஞ்சி வழியே கடல் நோக்கி

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் பெருவழி செஞ்சியை அடைகிறது. மழைக்குப்பின் பசுமை போர்த்த செஞ்சிக் குன்றுகளைக் காணாமல் கடந்து செல்லலாகாது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய பள்ளிவாசல் இருக்கிறது. வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது. 2025 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்தியர் கோட்டைகளின் தொகுதியில் செஞ்சியும் ஒன்று. மழைக்காலத்தில் பாறைப்படிகள் வழுக்கும். ஆதலின் ஏறுவோர் விழிப்போடு ஏறுதல் வேண்டும். மலைபடுகடாம் பாடிய புலவர் இருந்திருந்தால் இதனைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்.

செஞ்சியை அடுத்துத் திண்டிவனம். அங்கிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். நம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். சிறுபாணன் கடற்கரைப் பட்டினத்தைக் கடந்து உள்நாட்டுக் கிடங்கிலை நோக்கி வந்தான். நாம் அவன் வந்த வழியை எதிர்த்திசையில் நடக்கிறோம்.

எயிற்பட்டினமும் உப்பும்

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. கிரேக்கக் கடற்பயணக் குறிப்பாகிய பெரிப்ளூசில் சோபட்மா என வரும் துறைமுகமும் இதுவே என்பர். சோ என்பதும் எயில் என்பதும் மதிலையே குறிக்கும் சொற்களாதலின் இக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

நல்லூர் நத்தத்தனார் இப்பட்டினத்திற்குச் செல்லும் கடற்கரையை எழில் ததும்பப் பாடுகிறார். தாழை அன்னம்போல் பூக்கிறது; செருந்தி பொன்னென மயக்குகிறது; புன்னை முத்துப்போல் அரும்புகிறது. இப்பாட்டில் வேறோரிடத்தில் உமணர் எனப்படும் உப்பு வணிகரின் வண்டிகளும் வருகின்றன. பட்டினத்தை அடைந்தால், உறங்கும் ஒட்டகம்போல் கிடக்கும் மணமரக் கட்டைகளை அலை கொணர்ந்து ஒதுக்க, அவற்றையே பரதவர் விறகாக எரிக்கின்றனர். தமிழகத்துப் புலவர் கடற்கரையில் கிடந்த கட்டையைக் கண்டு ஒட்டகத்தை நினைத்தது கடல்கடந்த தொடர்பின் பழமையை உணர்த்தும். அங்கே பாணர்க்குக் கிடைப்பது தேறலும் சுட்ட உலர்ந்த குழல்மீனும் ஆகும். தேறல் நம் நெறிக்கு ஒவ்வாதது. ஆயினும் மீனைக் குறித்து ஒன்று சிந்திக்கலாம். கடல் தரும் நாளில் உலர்த்தி வைத்துக்கொண்டு கடல் தராத நாளில் உண்பதே கருவாடு. அத்தகைய சேமிப்பிலிருந்து எடுத்து வழிப்போக்கனுக்கு அளித்தனர் என்றால், அவ்விருந்தின் அருமை இன்னும் ஒருபடி உயர்கிறது.

இந்நூலில் நம் உள்ளத்தைத் தொடும் மற்றொரு காட்சி உண்டு. நல்லியக்கோடனைக் காணுமுன் பாணன் வீட்டில் இருந்த வறுமை அது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பும் இன்றி வேகவைத்து, அயலார் கண்டால் நாணமென்று வாயிலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கின்றனர். உப்பில்லாக் கீரை உண்டவனைக் கடற்கரை வழியே நடத்துகிறது பாட்டு. இறுதியில் நல்லியக்கோடன், வீமன் செய்த மடைநூல் முறைப்படி சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டுத் தானே நின்று ஊட்டுகிறான். கதவடைத்து உண்டவன் அரசன் முன்னிலையில் உண்கிறான். விருந்து என்பது பசியை மட்டுமன்று, நாணத்தையும் போக்குவது என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் இயலாது.

இன்றும் மரக்காணத்தில் உப்பு விளைகிறது. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றச் செய்து, படியும் உப்பை வாரிக் குவிக்கின்றனர். கூதிர் மழை இறங்கியதும் தொழில் நின்றுவிடும். மழை ஓய்ந்தபின் தை, மாசியில் பாத்திகளை மீண்டும் செம்மை செய்து தொடங்க வேண்டும். இடைப்பட்ட திங்கள்களில் உப்பளத் தொழிலாளர்க்குக் கூலியில்லை. இதனை உணர்ந்தே தமிழக அரசு மழைக்கால உதவித்தொகையாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022 இல் தொடங்கியது. அந்த மூதாட்டி "தை பொறக்கணும்" என்றதன் பொருள் இதுவே. வெண்ணிற உப்புக் குவியலைப் படமெடுக்க விரும்புவோர் கோடையில் வரலாம். கூதிரில் வருவோர் காண்பது வேலையற்ற பாத்திகளையே, அதுவும் காணத்தக்கதே.

மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவெளி, கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பெரிய நீர்ப்பரப்பு. 2021 இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மழை பெய்து நீர் நிறையும்போது வடபுலத்திலிருந்து வலசை வரும் பறவைகள் இங்குத் தங்குகின்றன. உப்பளத்தாரை ஓயச்செய்த அதே மழை பறவைகளுக்கு விருந்து வைக்கிறது. காண்போர் ஓசையின்றி, தொலைவில் நின்று காணுதல் முறை.

அரிக்கமேடும் பிச்சாவரமும்

தெற்கே புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 ஆம் நாள் விடுபட்டு இந்தியாவோடு இணைந்த அப்பகுதியில் அந்நாள் விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. கடற்கரைச் சாலையைக் காண்போர் பலர். அருகிலுள்ள அரிக்கமேட்டைக் காண்போர் சிலரே. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் மணிகளும் வெளிப்பட்டன. பெரிப்ளூஸ் கூறும் பொடுகே இதுவே என்பர். தமிழ் மாணவர் ஒருமுறையேனும் நிற்க வேண்டிய மண் அது.

அதற்கும் தெற்கே வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை. மகமூதுபந்தர் என்பது அதன் மற்றொரு பெயர். பந்தர் என்றால் துறைமுகம். கடல்வணிகம் செய்த முஸ்லிம் பெருமக்கள் வாழ்ந்த பேரூர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இயங்குகிறது. நண்டும் இறாலும் அங்கு நன்கு கிடைக்கும். சிறுபாணாற்றுப்படையில் ஆமூரில் பாணர்க்குக் கிடைத்த விருந்து வெண்சோறும் நண்டுக் கறியும் என்பதை நினைந்துகொண்டு உண்டால் சுவை கூடும்!

பரங்கிப்பேட்டையை அடுத்தது பிச்சாவரம். கழிகளுக்கிடையே சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த காடு. படகில் சென்று காண்பது பெருமகிழ்ச்சி தரும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் பின்புறம் அமைந்த குடியிருப்புகளில் சேதம் குறைந்திருந்தது. வேரூன்றி நின்று காத்த மரங்கள் அவை. படகிலிருந்து நெகிழிப் பைகளை அக்கழியில் எறிவோர் இதனை அறிந்தால் எறியமாட்டார்.

நாகூரில் கூதிர்க் கந்தூரி

நம் பயணத்தின் இறுதி எல்லை நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவு நாளையொட்டிய கந்தூரி விழா, ஜமாதுல் ஆகிர் திங்களில் கொடியேற்றத்தோடு தொடங்கிப் பதினான்கு நாள் நிகழ்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு நாகூருக்கு ஊர்வலமாக வருவது அதன் சிறப்பு நிகழ்ச்சி. பிறை அடிப்படையிலான ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவு. ஆதலின் இவ்விழா பருவங்கள்தோறும் சுற்றிவரும். 2025 இல் அது நவம்பர்த் திங்களில் தொடங்கியது. அடுத்துவரும் சில ஆண்டுகளிலும் கூதிர்க்காலத்திலேயே அமையும். நம் மாணவர்க்குக் கிட்டும் வாய்ப்பு இது.

தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனை எழுப்பியவர் தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப்சிங். அங்கு வருவோருள் இந்துப் பெருமக்கள் மிகப் பலர். அதே ஐப்பசியில் அருகிலுள்ள சிக்கலில் கந்தசஷ்டி விழா நிகழ்கிறது. மயிலாடுதுறைக் காவிரியில் துலா நீராடல் நிகழ்கிறது. அண்டை அயலாரின் விழாக்களுக்கு ஒருவர்க்கொருவர் வழிவிட்டு வாழ்ந்த நிலம் அது.

நாகூரின் உணவுகளுள் தனிப்பெயர் பெற்றது வாடா. அரிசி மாவோடு வெங்காயம் சேர்த்துத் தட்டி, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் பொரிப்பது. நம் பக்கத்து வடையோடு பெயரளவில் உறவு. சுவையில் முற்றிலும் வேறு. மழைபெய்யும் மாலையில் சூடாக உண்ணத்தக்கது. ரவை, முட்டை, பால், நெய், சர்க்கரை கலந்து செய்யும் தம்ரூட் என்னும் இனிப்பும் அப்பக்கத்து முஸ்லிம் இல்லங்களில் விருந்தினர்க்கு அளிக்கப்படுவது. உள்நாட்டு அரிசியும் கடலின் இறாலும் ஒரே வாடாவில் கூடுவதை நோக்கினால் மருதமும் நெய்தலும் கைகோத்த திணைமயக்கம் எனத் தோன்றும்.

இலக்கிய மாணவர் நாகூரில் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அது குலாம் காதிறு நாவலர். நாகூர்ப் புராணமும் நாகூர்க் கலம்பகமும் பாடிய அப்பெரியார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நோக்கிப் புலவரை ஆற்றுப்படுத்திப் புலவராற்றுப்படையும் பாடினார். சங்கப் புலவர் நம் மாவட்டத்து நன்னனிடம் கூத்தரைச் செலுத்திய நெறியை, நாகூர்க் கடற்கரையில் பிறந்த முஸ்லிம் புலவர் ஒருவர் தமிழ்ச் சங்கத்திற்குப் புலவரைச் செலுத்தப் பயன்படுத்தினார். மலையில் தொடங்கிய மரபு கடலோரத்தில் தழைத்தது.

வழியின் ஏதம்

ஆற்றுப்படை நெறிப்படி ஏதத்தையும் கூறுதல் கடமை. வங்கக் கடலில் புயல்கள் பிறப்பது பெரும்பாலும் இத்திங்கள்களில்தான். 2018 நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் பகுதியில் கரைகடந்து, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தது. அது கடற்கரையோடு நிற்கவில்லை. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு எழுவர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வெள்ளமாயிற்று. கடலில் பிறந்த புயல் நம் மலையைச் சரித்தது. நம் பக்கத்தில் பெய்த மழை கடலோர ஊர்களை மூழ்கடித்தது. கடலுக்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ணியது எத்துணைப் பிழை என்பதை அந்நாள்கள் காட்டின.

எனவே கூதிரில் செல்வோர் வானிலை அறிவிப்பைக் கேட்டுச் செல்க. எச்சரிக்கைக் கொடி ஏறிய நாளில் அலையில் இறங்கற்க. மீனவர் "இன்று வேண்டாம்" என்றால் அதுவே இறுதிச் சொல் எனக் கொள்க. பெரும்பாணாற்றுப்படையில் கடலோர மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கு, திசைதெரியாக் கலங்களைக் கரைக்கு அழைக்கிறது. கரையார் ஏற்றும் விளக்கை மதிப்பவனே கரைசேர்வான்.

விருந்தினன் கடமை

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். விருந்தினரைக் கண்ணியப்படுத்துக என்று பணித்த இஸ்லாம், விருந்து மூன்று நாள் என எல்லையும் வகுத்து, விருந்தளிப்பவர்க்குச் சுமையாகும்படி தங்கலாகாது என விருந்தினனையும் நெறிப்படுத்தியது. இருபக்கக் கடமையை இவ்வாறு தெளிவுறுத்தியிருப்பது எண்ணத்தக்கது.

நாமும் விருந்தளிப்பவர்களே. கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலைக்கு வரும் மக்கள் வெள்ளத்தை நம் சாலைகள் தாங்குகின்றன. குடிக்க நீர் கேட்டுவரும் வழிப்போக்கனுக்குச் சமயம் பாராது சொம்பு நீட்டும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. குப்பையை விட்டுச் செல்பவனையும், நலம் கேட்டுச் செல்பவனையும் நாம் வேறுபடுத்தி அறிவோம். நம் ஊருக்கு வருபவனிடம் நாம் எதிர்பார்ப்பதை, பிறர் ஊருக்குச் செல்லும்போது நாம் செய்தல் வேண்டும். மீன் விற்கும் பெண்டிரிடம் பேரம் பேசுமுன் அன்று எத்தனை படகு கடலுக்குச் சென்றது என்று கேட்கலாம். கடைகளில் வாங்கும் பொருளைவிட அவ்வூரார் கையால் உலர்த்திய கருவாட்டையும் அவித்த பலகாரத்தையும் வாங்கலாம். இவை சிறு செயல்களே. ஆயினும் கூதிர்க்காலத்தில் ஒரு வீட்டின் அடுப்பு எரிய அவை உதவும்.

முடிவுரை

ஆற்றுப்படை தரும் பாடம் இதுதான்: பயணம் திரும்பி வருவதோடு முடிவதில்லை. கண்டதையும் உண்டதையும் தந்தவரையும் எதிர்ப்படுவோரிடம் எடுத்துரைக்கும்போதே அது நிறைவு பெறுகிறது. ஆகவே இவ்வாண்டு கடற்கரை சென்று மீளும் நம் மாணவர்கள், படங்களோடு ஒரு பக்கமேனும் எழுதிக் கொணர்க என வேண்டுகிறோம். எந்த ஊரில் எவர் உழைப்பை உண்டோம், அங்கு வழியில் ஏதம் யாது, அடுத்துச் செல்பவர் எதனை அறிய வேண்டும் என்பன அதில் இடம்பெறட்டும். ஆசிரியப் பெருமக்கள் அவற்றைத் திருத்தித் தொகுத்தால், நம் துறையின் ஆற்றுப்படை ஒன்று உருவாகும்.

தை பிறக்கும், மரக்காணத்துப் பாத்திகளில் மீண்டும் உப்புப் பூக்கும். அப்போது ஒருமுறை, பார்ப்பதற்காக அன்றி நலம் கேட்பதற்காகச் சென்று வருவோம்.